தாளத்தை எழுதியோரும் தவற்றைக் காட்டியோரும்

நூலொன்றை இயற்றியவர் அதனைக் கற்றோர் அவையில் வைத்து, அங்கு எழும் தடைகளுக்கு விடை கூறி, அவையோரின் ஏற்பைப் பெற்ற பின்னரே அந்நூலை உலவவிடுவது நம் முன்னோர் போற்றிய மரபு. அரங்கேற்றம் என்று அதனை வழங்குகிறோம். இம்மரபோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத ஓரிடத்தில், அமெரிக்க நாட்டில் பிறந்த மின்னணு விளையாட்டு ஒன்றில், இதனையொத்த முறை 2010 ஆம் ஆண்டில் தோன்றிச் சில ஆண்டுகள் சிறப்புற நடைபெற்றது. விளையாட்டுத்தானே என்று நாம் அதனை ஒதுக்கிவிடுதல் முறையன்று. ஒருவர் படைப்பை மற்றொருவர் எவ்வாறு ஆராய வேண்டும் என்பதற்கு அவ்வரலாறு நல்லதொரு பாடமாக அமைந்துள்ளது.

தாள விளையாட்டு எனப்படுவது யாது? திரையில் வண்ணக் குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வரும். பாட்டின் தாளத்தோடு பொருந்தும் நொடியில் உரிய பொத்தானை அழுத்த வேண்டும். பிந்தினாலும் முந்தினாலும் பிழை. சப்பான் நாட்டுக் கோனாமி நிறுவனம் 1997 இல் வெளியிட்ட 'பீட்மேனியா' இவ்வகை விளையாட்டுகளுக்கு வழிகாட்டியாக விளங்கியது. ஐந்து விசைகளும் இசைத்தட்டைப் போன்ற ஒரு சுழல்வட்டும் அதன் கருவிகள். அடுத்த ஆண்டே கால்களால் மிதித்து ஆடும் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' வந்தது. 2005 இல் அமெரிக்க நிறுவனமான ஹார்மானிக்ஸ் உருவாக்கிய 'கித்தார் ஹீரோ' வெளிவந்தது. அந்நிறுவனமே 2007 இல் கித்தார், டிரம், குரல் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து 'ராக் பேண்ட்' என்னும் விளையாட்டைத் தந்தது. ஒரு குடும்பத்தார் நால்வர் கூடி ஓர் இசைக்குழுவாக ஆடும் வாய்ப்பு இதனால் கிட்டியது.

இறங்கி வரும் அக்குறிகளின் ஒழுங்கையே குறிப்பு வரிசை என்கிறோம். எந்த நொடியில் எந்தக் குறி வர வேண்டும் என்பதை ஒருவர் அமர்ந்து எழுதியாக வேண்டும். பாட்டைக் கேட்டவுடன் கணினி தானாகவே அதனை எழுதிவிடும் என எண்ணுவோர் உளர். உண்மை அஃதன்று. ராக் பேண்டின் குறிப்பு வரிசைகள் மனிதர் காதால் கேட்டுக் கையால் எழுதியவை.

அதில் முதற்பணி காலப்பிரமாணத்தை அளந்து குறித்தல். மனிதன் கொட்டும் டிரம் கடிகாரத்தைப் போன்று இயங்குவதில்லை; உணர்ச்சி மிகும் இடத்தில் சற்றே விரையும், அடங்கும் இடத்தில் சற்றே தளரும். எழுதுவோர் ஒவ்வொரு தட்டையும் பின்தொடர்ந்து அவ்வேறுபாட்டைப் பதிக்க வேண்டும். 1983 இல் உருவான 'மிடி' என்னும் இசைக்குறியீட்டு முறையிலேயே இவை எழுதப்பட்டன. அதில் ஒரு தட்டை 480 நுண்கூறுகளாகப் பகுத்துக் கொண்டனர். இவ்வடித்தளம் பிழைபடுமாயின் அதன்மேல் எழுப்பும் அனைத்தும் பிழைபடும்.

இரண்டாவது பணி சுரங்களைப் பொத்தான்களுக்குப் பங்கிடுதல். கித்தாரில் எழும் சுரங்கள் பல. விளையாட்டுக் கருவியில் உள்ள பொத்தான்களோ பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்தே. எனவே சுரத்தை அப்படியே பெயர்த்தெழுதுதல் இயலாது. சுரம் ஏறும்போது விரலும் ஏற வேண்டும். இறங்கும்போது விரலும் இறங்க வேண்டும். ஐந்தும் தீர்ந்தால் தக்க இடம் பார்த்து மீண்டும் தொடங்க வேண்டும். ஒரே இசைத்தொடர் பாட்டில் மும்முறை வருமாயின், மும்முறையும் ஒரே வகையில் எழுதப்பட வேண்டும். இல்லையேல் ஆடுபவரின் காது ஒன்று சொல்லும், விரல் மற்றொன்று செய்யும்.

மூன்றாவது பணியே ஆசிரியப் பெருமக்களுக்கு மிகவும் நெருக்கமானது. ஒரு பாட்டுக்கு எளிது, இடைநிலை, கடினம், வல்லுநர் நிலை என நான்கு படிகளில் வரிசை எழுத வேண்டும். பெரும்பாலோர் வல்லுநர் நிலையை முதலில் எழுதிப் பின்னர் அதனைச் சுருக்கினர். சுருக்குதல் என்பது கண்ட இடத்தில் வெட்டுதல் ஆகாது. வலிய தட்டுகளைக் காத்து மெலிந்தவற்றை விடுத்தால்தான் தொடக்க நிலையில் ஆடும் சிறுவனும் தான் அப்பாட்டையே இசைப்பதாக உணர்வான். பெருங்காப்பியத்தை இளஞ்சிறார்க்குச் சுருக்கித் தரும் ஆசிரியர், கதையின் உயிர் கெடாமல் சுருக்குவதை இதனோடு ஒப்பிடலாம். குரலுக்குரிய வரிசையிலோ பாடலின் சொற்களை அசை அசையாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் சுரமும் நீளமும் குறிக்க வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் இப்பணி முழுவதும் நிறுவனத்தாரிடமும் அவர்தம் பணியாளரிடமுமே இருந்தது. புகழ்பெற்ற குழுக்களின் பாடல்கள் மட்டுமே பெரும்பாலும் விளையாட்டில் இடம்பெற்றன. சிற்றூரில் பாடும் குழுவுக்கு வாயில் அடைபட்டிருந்தது. அவ்வாயிலைத் திறக்க ஹார்மானிக்ஸ் வகுத்ததே 'ராக் பேண்ட் நெட்வொர்க்' என்னும் திட்டம். 2009 இல் அறிவிக்கப்பட்டு, 2010 மார்ச்சுத் திங்களில் அதன் விற்பனை தொடங்கியது. பாட்டின் உரிமை உடையவர் எவராயினும், 'ரீப்பர்' என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளைக் கொண்டு தாமே குறிப்பு வரிசை எழுதி அளிக்கலாம். விற்பனைத் தொகையில் 30 விழுக்காடு அவருக்கு உரியது. கூலி பெற்றுப் பிறருக்கு எழுதித்தரும் சிறு நிறுவனங்களும் இதனால் தோன்றின.

வருகின்ற பாடல் அனைத்தையும் நிறுவனமே ஆராய்ந்து தீர்ப்புக் கூறுதல் இயலாத செயல். ஆகவே ஆராயும் பொறுப்பு எழுதுவோர் கூட்டத்திடமே விடப்பட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கென நடத்திவந்த படைப்பாளர் மன்றத்தின் உறுப்பினரே எழுதுவோர், அவர்களே ஆய்வாளர். முதலில் ஆடிப் பார்த்துக் குறை கூறும் கட்டம். அடுத்து, ஏற்பதா மறுப்பதா எனத் தீர்க்கும் கட்டம். இரண்டையும் கடந்த பாடலே கடைக்கு வந்தது.

இங்கு ஆய்வு என்பது கண்ணால் பார்ப்பதோடு முடிவதில்லை. ஒவ்வொரு கருவியையும் கையிலேந்தி, நான்கு படிகளிலும் ஆடிப் பார்த்தாலன்றிப் பிழை புலப்படாது. பாட்டின் நடுவில் குறிகள் நூலிழை முந்துகின்றன. இரண்டாம் சரணத்தில் ஒரு தட்டு விடுபட்டுள்ளது. பாடற்சொல் ஒன்று எழுத்துப்பிழையோடு உள்ளது. இடைநிலைப் படி கடின நிலையைவிட விரலை வருத்துகிறது. இவை போன்றவையே ஆய்வாளர் தேட வேண்டிய குறைகள். 'இப்பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை' என்பது குறையாகாது. எந்த நொடியில், எந்தக் கருவியில், எது தவறு எனச் சுட்டிக் காட்டத் தெரியாதவன் ஆய்வாளன் ஆகான்.

இவ்வாய்வுக்கு ஊதியம் இல்லை. பல நாள் உழைத்து எழுதியவருக்கோ ஒரு மறுப்பு என்பது மீண்டும் திருத்தம், மீண்டும் காத்திருப்பு. நண்பரின் மனம் நோகுமே என்று பிழையை மறைத்தால், பொருள் கொடுத்து வாங்கியவர் ஏமாறுவார்; படைத்தவரின் பெயரும் கெடும். பொறாமையால் குறை பெருக்கினால், நாளை தம் படைப்பும் அதே அவைக்கு வர வேண்டும் என்னும் நினைவு தடுக்கும். இன்று குறை கூறியவர் நாளை குறை கேட்பவர். அவ்வவையின் நேர்மைக்கு இந்நிலையே பெருங்காவல் எனலாம். இம்முறையில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் அரங்கேறின.

ஆயினும் அந்த அவை பிறர் நிலத்தில் கட்டிய மண்டபம். அது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'எக்ஸ்.என்.ஏ.' என்னும் கருவித்தொகுதியைச் சார்ந்திருந்தது. அத்தொகுதியைக் கைவிடுவதாக அந்நிறுவனம் 2013 இல் அறிவித்தது. 2014 இல் புதிய பாடல்களை ஏற்பது நின்றது. எழுதுவோருக்கு ஆற்றல் குறையவில்லை. ஆய்வோருக்கு ஆர்வமும் குறையவில்லை. நிலத்துக்குரியவர் வாயிலை அடைத்தார், அவை கலைந்தது.

கலை மட்டும் கலையவில்லை. ஆசுத்திரேலியரான டீன் எர்பர்ட் 2007 இல் தொடங்கிய 'ஒசு' என்னும் தாள விளையாட்டில், ஆடுவோரே வரிசை எழுதி, ஒருவர் மற்றவருக்குத் திருத்தம் கூறி, தகுதி பெற்ற இருவர் முன்மொழிந்த பின்னரே தரவரிசை ஏற்கும் முறை வளர்ந்தது. 2017 இல் வெளிவந்த 'குளோன் ஹீரோ'வுக்கும் ஆர்வலர் பலர் வரிசைகள் எழுதி வருகின்றனர். மண்டபம் மாறினும் தாளம் நிற்கவில்லை.

தமிழ் கற்பிக்கும் நாமும் பயிலும் மாணவரும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. மாணவர் கட்டுரையைத் திருத்தும்போதும், நண்பர் கவிதையைக் கேட்கும்போதும், 'நன்று' என்றோ 'நன்றன்று' என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அது திருத்தம் ஆகாது. எழுதியவர் சென்ற வழியில் நாமும் ஒருமுறை நடந்து, கால் இடறிய இடத்தைக் காட்டுவதே திருத்தம். தவற்றைக் காட்டியவர்க்குப் பாட்டில் பெயர் இல்லை. ஆயினும் தாளம் தப்பாமல் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் உழைப்பும் அதனுள் ஒலிக்கின்றது.