கடற்பாசியில் விளைந்த கிழங்கு

உருளைக்கிழங்கின் தாய்வீடு தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் மூலம் ஐரோப்பாவுக்கு வந்து, அடுத்த நூற்றாண்டில் அயர்லாந்தில் வேரூன்றியது. அங்கே கொண்டுவந்தவர் ஆங்கிலேயரான வால்டர் ராலே என்பார்கள், ஆனால் அதற்குச் சான்றில்லை. புகுந்த வீட்டில் அதை வளர்த்த விதம்தான் என்னை வியக்க வைக்கிறது.

கானமாரா, மேயோ போன்ற மேற்குப் பகுதிகளில் ஓயாத மழை. நீர் ஊறிய புல்தரை, அடியில் பாறை. ஏர் இறங்காது. அங்கத்திய குடியானவர்கள் தரையை உழாமலே பயிர் வைத்தார்கள். மூன்று நான்கு அடி அகலத்துக்குப் புல்லின் மேலேயே தொழுவுரத்தையும் கடற்பாசியையும் பரப்புவார்கள். முளைக்கண்ணோடு நறுக்கிய விதைக்கிழங்கை அதன்மேல் வைப்பார்கள். பிறகு 'லாய்' என்ற ஒடுங்கிய நீள மண்வெட்டியைக் காலால் மிதித்து இறக்கி, இருபுறமும் புல்லோடு மண்ணைப் பத்தை பத்தையாகப் பெயர்த்து, புல் கீழே போகும்படி கவிழ்த்து மூடுவார்கள். மண் எடுத்த பள்ளம் வடிகாலாகும். மேட்டுப்பாத்தியில் நீர் தேங்காது. புல் மட்கி உரமாகும். ஆண்டீஸ் உழவர்களும் காலால் மிதிக்கும் கலப்பையால்தான் கிழங்குப் பாத்தி கட்டினார்கள். ஒருவரையொருவர் அறியாத இரு ஏழை மக்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்!

அதே மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஆரன் தீவுகளில் பெரும்பகுதியில் மண்ணே கிடையாது. வெறும் சுண்ணாம்புப் பாறைமேல் மணலையும் கடற்பாசியையும் கூடை கூடையாகச் சுமந்து கொட்டி நிலத்தையே உண்டாக்கினார்கள்.

நல்ல நிலமெல்லாம் நிலப்பிரபுக்கள் கையில். தானியம் விற்றுக் குத்தகை கட்டியது போக, மிஞ்சிய துண்டு நிலத்தில் குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடியது கிழங்கு ஒன்றுதான். 19-ஆம் நூற்றாண்டில் 'லம்பர்' என்ற ரகம் பரவியது. ருசி குறைவு, ஆனால் மட்டமான மண்ணிலும் அள்ளிக் கொடுத்தது. கிழங்கை வெட்டி நடுவதால் செடிகளெல்லாம் ஒரே வார்ப்பு. 1845-இல் இலைக்கருகல் நோய் வந்தபோது தாக்குப்பிடிக்க அவற்றுக்குத் தெம்பில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பசியாலும் காய்ச்சலாலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அப்போதும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

இந்தப் பழியைக் கிழங்கின் மீதோ, பாத்தி கட்டிய கைகளின் மீதோ போடுவது அநியாயம். நோய் பயிரை அழித்தது. மக்களைச் சாகவிட்டவை குத்தகை முறையும் அயர்லாந்தை ஆண்ட லண்டன் அரசும்தான்.