பயன்படுத்திய சரக்குந்தின் மறுவிற்பனை மதிப்பு

பயன்படுத்திய சரக்குந்தின் மறுவிற்பனை மதிப்பு என்பது, பயன்பாட்டில் இருந்த சரக்குந்து (லாரி) ஒன்றை அதன் உரிமையாளர் விற்கும்போது பெறக்கூடிய விலை ஆகும். ஒரே லாரிக்கு வரிக் கணக்கில் ஒரு மதிப்பும், காப்பீட்டில் மற்றொரு மதிப்பும், சந்தையில் வேறொரு விலையும் இருக்கக்கூடும். அந்த லாரி இனி எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள், எவ்வகை வேலை செய்து வருவாய் ஈட்டும் என்பதே சந்தை விலையைப் பெரிதும் முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டில் நாமக்கல், சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. பெரம்பலூர் மாவட்டத்தில் பாடாலூரைச் சூழ்ந்துள்ள கல்குவாரிகளிலும், அரியலூர் மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் டிப்பர் லாரிகள் மிகுதியாகப் பயன்படுகின்றன.

தேய்மானக் கணக்கு

இந்தியாவில் வாகனக் காப்பீட்டுக்கு, தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து வாகனத்தின் வயதுக்கேற்பக் கீழ்க்காணும் விழுக்காடு கழிக்கப்படுகிறது. எஞ்சும் தொகை ஐ.டி.வி. எனப்படும்.

* 6 மாதங்கள் வரை: 5%
* 6 மாதங்களுக்கு மேல், 1 ஆண்டு வரை: 15%
* 1 ஆண்டுக்கு மேல், 2 ஆண்டுகள் வரை: 20%
* 2 ஆண்டுகளுக்கு மேல், 3 ஆண்டுகள் வரை: 30%
* 3 ஆண்டுகளுக்கு மேல், 4 ஆண்டுகள் வரை: 40%
* 4 ஆண்டுகளுக்கு மேல், 5 ஆண்டுகள் வரை: 50%

5 ஆண்டுகளைக் கடந்த வாகனத்தின் மதிப்பு, காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதாகும்.

வருமான வரிக் கணக்கில், வாடகைக்கு ஓடும் லாரிக்கு ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் 30% தேய்மானம் கழிக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 40 இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஒரு லாரி மூன்றரை ஆண்டுகள் ஓடியுள்ளது எனக் கொள்வோம். பட்டியல் விலை மாறவில்லையெனில் அதன் ஐ.டி.வி. 24 இலட்சம் ரூபாய். மூன்று முழு ஆண்டுகளின் தேய்மானம் கழித்தபின் வரிக் கணக்கில் அதன் மதிப்பு 28 இலட்சம், 19.6 இலட்சம் எனக் குறைந்து 13.72 இலட்சம் ரூபாயாக நிற்கும். இவ்விரண்டும் விற்பனை விலை அல்ல. பேரம் தொடங்குவதற்கான அடையாளங்கள் மட்டுமே.

புதிய லாரியின் விலை மாறினால் பழைய லாரியின் விலையும் மாறும். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சரக்கு வாகனங்கள் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இத்தகைய குறைப்பு, முன்னர் கூடுதல் வரி செலுத்தி வாங்கியவரின் லாரி பெறக்கூடிய விலையையும் கீழே இழுக்கும்.

பயன்பாடும் தேய்வும்

ஓடிய கிலோமீட்டரை மட்டும் கொண்டு லாரியை மதிப்பிடுவது தவறான முடிவைத் தரலாம். நெடுஞ்சாலையில் ஓடும் லாரி குறுகிய காலத்தில் பல இலட்சம் கிலோமீட்டரைக் கடந்துவிடும். குவாரிக்கும் கிரஷருக்கும் இடையே ஓடும் டிப்பரின் கிலோமீட்டர் குறைவாகவே இருக்கும். ஆனால் பள்ளமும் மேடுமான பாதை, முழுப் பாரம், பாரம் ஏறும்வரை அணைக்காமல் ஓடும் எஞ்சின் ஆகியவற்றால் அதன் தேய்வு மிகுதி. எனவே டிப்பர் வாங்குவோர் பட்டைகள், சேசிஸ் விரிசல், பற்றவைத்த தடயம், ஹைட்ராலிக் ஜாக்கியின் எண்ணெய்க் கசிவு, பாடியின் அடித்தகடு ஆகியவற்றைப் பார்ப்பர். டயர்கள் தனியே மதிப்பிடப்படும். பத்துச் சக்கர லாரிக்கு எல்லா டயர்களையும் மாற்றுவது பெருஞ்செலவு என்பதால், தேய்ந்த டயர்களுக்கு ஈடான தொகை விலையில் குறைக்கப்படும்.

சட்ட வரம்புகள்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, தேசிய பெர்மிட்டுக்கு வயது வரம்பு விதிக்கின்றன. இரண்டு அச்சு லாரிக்கு இது 12 ஆண்டுகள். பல அச்சு லாரிக்கு 15 ஆண்டுகள். வரம்பைக் கடந்த லாரி மாநிலத்துக்குள் ஓடலாம் எனினும், நெடுந்தொலைவு சரக்கு ஏற்றுவோர் அதை வாங்கமாட்டார்கள்.

மாசு விதிகளும் இவ்வாறே செயல்படுகின்றன. பாரத் நிலை 4 விதி 2017 ஏப்ரல் 1 அன்றும், பாரத் நிலை 6 விதி 2020 ஏப்ரல் 1 அன்றும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. 2025 நவம்பர் 1 முதல், தில்லிக்கு வெளியே பதிவான பாரத் நிலை 3 மற்றும் அதற்கு முந்தைய சரக்கு வாகனங்கள் தில்லிக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. வட இந்தியாவுக்குச் செல்லும் லாரிக்கு இது இழப்பு. பாடாலூரில் ஜல்லி ஏற்றும் டிப்பருக்கு இதனால் நேரடிப் பாதிப்பு இல்லை.

தகுதிச் சான்று (எப்.சி.) 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். 15 ஆண்டுகளைக் கடந்த கனரக லாரிக்கு இதன் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 12,500 ரூபாயாக உயர்ந்தது; 2025 நவம்பரில் பழைய வாகனங்களுக்கான கட்டணம் மீண்டும் உயர்த்தப்பட்டது.

கடன் வசதி

வாங்குவோர் பலரும் ஒன்றிரண்டு லாரிகள் மட்டுமே வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களும் முன்னாள் ஓட்டுநர்களும் ஆவர். சென்னையில் 1979இல் தொடங்கப்பட்ட ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் (2022 முதல் ஸ்ரீராம் பைனான்ஸ்) பழைய லாரிகளுக்குக் கடன் வழங்கி வளர்ந்த நிறுவனம். வயது மிகுந்த லாரிக்குக் கடன் கிடைப்பது அரிது. ரொக்கம் உள்ளவர் மட்டுமே வாங்க இயலும் நிலையில் விலை வீழ்கிறது.

ஆவணங்கள்

நிலுவையிலுள்ள காலாண்டு வரி, பசுமை வரி, அபராதம் ஆகியன விலையிலிருந்து கழிக்கப்படும். கடன் தீர்ந்திருப்பின், நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்க வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியன தேவை.

பெயர் மாற்றாமல் விற்பது விற்பவருக்கே பேரிடராக முடியும். லாரி பலரிடம் கைமாறியிருந்தாலும், பதிவில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் மாற்றம் முடியும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதும் உண்டு.

இவற்றையும் பார்க்க

* தேய்மானம்
* மோட்டார் வாகனச் சட்டம், 1988
* பெரம்பலூர் மாவட்டம்