மூட்டைக்குள்ள கை விட்ட பாட்டி

கொல்லிமலையில இருந்து ஓபி-க்கு வந்த தம்பி ஒருத்தர் போன வாரம் மொபைலைக் காட்டினார். சின்ன சென்சாரை உணவுப் பக்கத்துல வச்சா, கெட்டுப்போச்சான்னு ஆப் சொல்லிடுமாம். "பச்சை வந்தா நம்பிச் சாப்பிடலாமா டாக்டர்?"

பதிலுக்குக் கொஞ்சம் பழைய கதை வேணும்.

கொல்லிமலை சாமையும் தினையும் விளைஞ்ச மலை. உமியோட நல்லா காயவச்சா வருஷக்கணக்குல கெடாது. உமி நீக்கினா கொழுப்பு காத்துபட்டு சிக்கு வாடை வந்துடும். அதான் அப்பப்ப தேவைக்கு மட்டும் குத்துவாங்க. அந்தத் தம்பியோட பாட்டி மூட்டைக்குள்ள முழங்கை வரை கை விட்டுப் பார்ப்பாங்களாம். கதகதன்னு இருந்தா ஈரம் ஏறிடுச்சு, மறுபடி வெயில்ல கொட்டணும். இன்னைக்குப் பெரிய கிடங்குகள்ல தானியத்துக்குள்ள இறக்குற சென்சாரும் இதே சூட்டையும் ஈரத்தையும்தான் அளக்குது!

(அப்புறம் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மலையில மரவள்ளி பரவுச்சு. பிடுங்கின கிழங்கு ரெண்டு மூணு நாள்ல உள்ளே கருத்துடும். அது தனிக் கதை.)

தம்பி காட்டின மாதிரி ஆப்புக்குப் பின்னாடி இருக்கிறது வாயு சென்சார். கறி, மீன்ல பாக்டீரியா புரதத்தைச் சிதைக்கும்போது அம்மோனியா மாதிரி வாயுக்கள் வரும். அதைத்தான் இது மோப்பம் பிடிக்குது. மூக்குக்கு ஒரு துணைன்னு வச்சுக்கலாம்.

ஆனா மூக்குக்குத் தெரியாத விஷமும் இருக்கு. 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழிகள் செத்துப்போச்சு. தீவனத்துல இருந்த கடலைப் பிண்ணாக்குல பூஞ்சை. அதுல கண்டுபிடிச்ச விஷம்தான் அஃப்ளாடாக்சின். நேரா கல்லீரலை அடிக்கும்.

1974 கடைசியில நம்ம நாட்டுலயே நடந்துச்சு. ராஜஸ்தான், குஜராத் எல்லையில பழங்குடி கிராமங்கள். அறுவடை நேரத்துல மழை, சரியா காயாத மக்காச்சோளம். அவங்களுக்கு அதுதான் முக்கிய உணவு, வேற வழியில்லை. மஞ்சள் காமாலை, வயித்துல நீர் கோத்துக்கிட்டு நூறு பேருக்கு மேல இறந்தாங்க. அதே வீட்டுச் சாப்பாட்டைத் தின்ன நாய்களும் செத்தன.

சமைச்சா இந்த விஷம் போகாது. வாயு சென்சாருக்கும் பிடிபடாது. லேப்-ல தனிப் பரிசோதனை பண்ணினாதான் தெரியும்.

அதனால தம்பிகிட்ட சொன்னேன்: கறி, மீனுக்கு ஆப் பாருங்க, தப்பில்லை. கடலையும் சோளமும் பூஞ்சை பிடிச்சிருந்தா, பச்சை எரிஞ்சாலும் தூக்கிப் போடுங்க.

"வீணாப் போகுதே, மாட்டுக்கு வைக்கலாமா டாக்டர்?"

வேண்டாம் தம்பி. பால்ல வந்துடும்.