மாரியும் பாடசாலைக் கூரையும்: வன்னிப் பெருநிலத்துக் கட்டட நெறிகளின் வரலாறு

எந்த நாட்டுக் கட்டட விதிகளும் அந்நாட்டின் மிகக் கொடிய பருவத்தை மனத்திற் கொண்டே எழுதப்படுகின்றன. பனி பொழியும் நாடுகளிற் கூரைமீது படியும் பனியின் பாரம், வகுப்பறையின் வெப்பநிலை, வழுக்கும் நடைபாதை ஆகியன பற்றிய விதிகள் பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இன்றியமையாதவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களைக் கொண்ட வன்னிப் பெருநிலத்திற் பனிப்பொழிவு இல்லை, மாரி உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலமே அம்மண்ணின் சோதனைக் காலமாகும். பனிநாட்டிற் கூரையைக் கீழ்நோக்கி அமுக்கும் பாரம் ஆபத்தானது. வன்னியிலோ கூரையை மேல்நோக்கிப் பிடுங்கும் காற்றும், அத்திவாரத்தை அரிக்கும் நீருமே ஆபத்தானவை. இம்மாரியை எதிர்கொள்ளப் பாடசாலைக் கட்டடங்களுக்கான நெறிகள் எப்போது எழுந்தன, அவை வன்னி மண்ணில் எவ்வளவு தூரம் நிலைபெற்றன என்பதை நோக்குவது பயனுடையதாகும்.

வன்னியின் பழைய குடியிருப்புகள் குளங்களைச் சார்ந்தவை. குளத்தின் கீழ் வயலும், அதனை அடுத்த மேட்டு நிலத்திற் குடிமனைகளும் அமைந்தமை தற்செயலானதன்று. குளம் வான் பாயும்போது நீர் செல்லும் வழி எது என்பதைக் கிராமத்தவர் அறிந்திருந்தனர். மண்சுவர் எழுப்பி, ஓலையாலோ வைக்கோலாலோ வேயப்பட்ட வீடுகள், மாரி தொடங்குமுன் பழுதுபார்க்கப்பட்டன. கூரை வேய்தல் ஒருவகையில் ஆண்டுதோறும் நிகழ்ந்த பாதுகாப்புப் பரிசோதனையே எனலாம். கிராமத்தின் தொடக்ககாலப் பாடசாலைக் கொட்டில்களும் இம்முறையிலேயே அமைந்தன. ஓலைக்கூரை காற்றிற் பறந்தாலும், கீழிருப்பவரை நசுக்கும் பாரம் அதற்கில்லை. ஆயினும் தீக்கு அது மிக எளிதில் இரையாகும். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதி கும்பகோணத்துப் பாடசாலையொன்றில் ஓலைக்கூரையிற் பரவிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தமை இதற்குத் துயரமான சான்றாகும்.

எழுத்து வடிவிலான கட்டட விதிகள் இலங்கையில் நகரத்திற்கே முதலில் வந்தன. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் தெருவின் அகலம், வெளிச்சம், காற்றோட்டம், சுகாதாரம் முதலியவற்றையே பெரிதும் கருத்திற் கொண்டது. நெரிசல் மிக்க நகரத்தின் நோய்களுக்கு மருந்தாக எழுந்த அச்சட்டம், காட்டுக்கும் குளத்துக்கும் இடையே சிதறிக்கிடந்த வன்னிக் கிராமங்களின் தேவைகளை மனத்திற் கொண்டு எழுதப்பட்டதன்று.

இலவசக் கல்வியின் விரிவும், 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமையும் பாடசாலைக் கட்டடங்களின் வடிவையே மாற்றின. ஒரே மாதிரியான வரைபடத்தின்படி நாடெங்கும் நீண்ட மண்டபங்கள் எழுந்தன. சீமெந்துத் தரை, இடுப்பளவு உயர்ந்த அரைச்சுவர், தூண்கள், ஓட்டுக்கூரை அல்லது அஸ்பெஸ்தோஸ் கூரை என்பன அவற்றின் பொது இயல்புகள். கோடை வெயிலில் அரைச்சுவர் நல்ல காற்றோட்டந் தரும், செலவுங் குறைவு. ஆனால் சூறாவளியில் இதுவே பகையாகின்றது. திறந்த பக்கத்தால் நுழையும் காற்று கூரையை உள்ளிருந்து மேலே தள்ள, கூரைமேல் வீசும் காற்று அதனை வெளியிலிருந்து உறிஞ்சுகின்றது. இவ்விரு விசைகளும் ஒன்றுசேரும்போது, கைமரத்தைத் தூணுடன் இறுகப் பிணைக்காத கூரை நில்லாது. கோடைக்கு ஏற்ற கட்டடமொன்று மாரிக்குப் பொருந்தாது போவதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

இவ்வுண்மையை வன்னி 1964ஆம் ஆண்டிலேயே கண்டது. அவ்வாண்டு டிசெம்பர் 22ஆம் திகதி இலங்கையின் வடபாகத்தை ஊடறுத்துச் சென்ற கடுஞ் சூறாவளி வவுனியாப் பகுதியைக் கடந்தே பாக்கு நீரிணையை அடைந்தது. முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்கள் அன்று தனியாகப் பிரிந்திருக்கவில்லை. அவை முறையே 1978, 1984ஆம் ஆண்டுகளிலேயே உருவாயின. அதே சூறாவளி தனுஷ்கோடியிற் புகையிரதமொன்றைப் பயணிகளுடன் கடலிற் சேர்த்தமையால் வரலாற்றில் தனுஷ்கோடியின் பெயரே நிலைத்தது. வன்னி கண்ட அழிவு பெரிதும் மறக்கப்பட்டது. காற்றை எதிர்கொள்ளும் கட்டட நெறியொன்று நாட்டுக்கு வேண்டும் என்ற எண்ணம் செயலுருப் பெற இன்னுமொரு சூறாவளி வேண்டியிருந்தது.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் உயிரிழந்தனர். 240 பாடசாலைக் கட்டடங்கள் சேதமுற்றன. இதன் விளைவாகவே 1980ஆம் ஆண்டில் கடுங்காற்றை எதிர்கொள்ளும் கட்டடங்களுக்கான வடிவமைப்புக் கைந்நூல் வெளியிடப்பட்டது. அது நாட்டை மூன்று காற்று வலயங்களாக வகுத்தது. கிழக்குக் கரையை உள்ளடக்கிய முதலாம் வலயத்திற் சாதாரண கட்டடமொன்று மணிக்கு 110 மைல் வேகமுள்ள காற்றைத் தாங்கவேண்டும் என்றும், அனர்த்தத்தின் பின்னரும் பயன்படவேண்டிய கட்டடம் 120 மைல் வேகத்தைத் தாங்கவேண்டும் என்றும் அது வரையறுத்தது. இவ்விரு வகைப் பிரிவு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கட்டடமொன்றின் வலிமையை அதன் அளவோ விலையோ மட்டும் தீர்மானிப்பதில்லை. இடர் வந்தபின் மக்கள் அதனிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கின்றது என்ற கருத்து அதில் அடங்கியுள்ளது.

நெறி பிறந்து மூன்று ஆண்டுகளில் நாடு போருக்குள் நுழைந்தது. 1990களில் வன்னிக்குள் சீமெந்து, இரும்புக் கம்பி முதலிய கட்டடப் பொருட்களைக் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டிருந்தது. கொங்கிறீற்று வளையத்தாற் சுவர்களைப் பிணைக்கவேண்டும் என்று கைந்நூல் கூறலாம். கொங்கிறீற்றுக்குரிய சீமெந்தே ஊருக்குள் வராத நிலையில் அந்நெறிக்குப் பொருளில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து 1995, 1996ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தோர் வன்னியை நிறைத்தபோது, இருந்த பாடசாலைகள் தங்குமிடங்களாயின. மாணவர் மரநிழலிலும் ஓலைக் கொட்டில்களிலும் கற்றனர். ஏட்டிலிருந்த நெறி நாட்டிலிருந்த கட்டடங்களைச் சந்திக்கவே இல்லை. இது தொழில்நுட்பக் குறைபாடன்று. வரலாறு விளைத்த இடைவெளியாகும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அதன்பின் கட்டடம் எங்கே அமையவேண்டும் என்ற கேள்வி எழுந்தது. வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றர் அகலமான பகுதி கட்டடம் எழுப்பக் கூடாத வலயமாக முதலில் அறிவிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், பாடசாலைகளின் அனர்த்தப் பாதுகாப்புக்காக 2008ஆம் ஆண்டில் வெளிவந்த தேசிய வழிகாட்டலும் அடுத்த படிகளாகும். ஆயினும் அதே 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா சூறாவளியின் பெருமழை வன்னியில் வீழ்ந்தபோது, அங்கு மக்கள் போரினால் ஓடிக்கொண்டிருந்தனர். தறப்பாளே அவர்களுக்குக் கூரையாயிருந்தது.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபோது வவுனியாப் பாடசாலைகள் பலவும் இடம்பெயர்ந்தோரின் தங்குமிடங்களாயிருந்தன. மீள்குடியேற்றத்தின்பின் கட்டடங்கள் விரைந்து எழுந்தன. தற்காலிகத் தகரக் கொட்டில்களும், மாடிக் கட்டடங்களும் ஒரே வளவிற் காணப்பட்டன. உயர்கல்வியும் இந்நிலத்தில் வேரூன்றியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கத் தொடங்கியது. 1997ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்த வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

போருக்குப் பிந்திய மாரிகள் பாடசாலைக் கட்டடத்தின் உண்மையான பணி யாது என்பதை மீண்டும் மீண்டும் உணர்த்தியுள்ளன. 2018ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையால் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளை நீர் சூழ, மக்கள் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் தஞ்சமடைந்தனர். 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரைகடந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை மழைவெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டு, டிசெம்பர் 4ஆம் திகதியே மீண்டுந் தொடங்கியது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தபோதும் அப்பரீட்சை இடைநின்றது.

ஒரே மண்டபம், ஒரே மாதத்தில், ஒரு கிராமத்தின் வகுப்பறையாகவும், பரீட்சை நிலையமாகவும், புகலிடமாகவும் விளங்கவேண்டியிருப்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. வெள்ளத்திற்கு அஞ்சி வந்த தாயும் குழந்தையும் உறங்கும் தரையிலேயே, ஒரு வாரத்தின்பின் மாணவனொருவன் தன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் வினாத்தாளுக்கு விடையெழுதுகின்றான். ஆகவே வன்னியின் பாடசாலைக் கட்டடத்தைச் சாதாரண கட்டடமாகக் கணிப்பது பொருந்தாது. 1980ஆம் ஆண்டின் கைந்நூல் வகுத்த இரண்டாவது வகையில், அதாவது அனர்த்தத்தின் பின்னரும் நிற்கவேண்டிய கட்டடங்களின் வரிசையில், அதனைச் சேர்த்தல் வேண்டும். கூரையின் பிணைப்பு மட்டுமன்றி, தரையின் உயரம், மலசலகூடக் குழியிலிருந்து கிணற்றின் தூரம், வான் பாயும் நீரின் வழி ஆகியனவும் அக்கணிப்பில் அடங்கவேண்டும்.

நெறி இல்லாமை இன்று குறையன்று. நெறி பலரிடம் பிரிந்துகிடப்பதே குறை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் வழி மாகாணசபைகள் அமைந்தபின் தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஏனையவை மாகாணத்தின் கீழும் வந்தன. கட்டட அனுமதி ஓரிடத்திலும், அனர்த்த முகாமைத்துவம் வேறோரிடத்திலும் உள்ளன. கட்டி முடித்த கூரையை ஆண்டுதோறும் ஏறிப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதே தெளிவாக வரையறுக்கப்படவேண்டியது. பொறியியற் பீடமொன்று வன்னி மண்ணிலேயே இருக்கும்போது, அதன் மாணவர் ஆவணி, புரட்டாதி மாதங்களில் அயற் பாடசாலைகளின் கூரைகளையும் வடிகால்களையும் ஆராய்ந்து அறிக்கை தருவது பெருஞ் செலவை வேண்டுவதன்று. அது அவர்களுக்குப் பாடமும் ஊருக்குப் பாதுகாப்புமாகும்.

வன்னியின் முன்னோர் மாரிக்கு முன் கூரை வேய்ந்தனர். அவர்களிடம் கைந்நூல் இருக்கவில்லை; வழக்கம் இருந்தது. இன்றைய தலைமுறையிடம் கைந்நூல்கள் உள்ளன, அவ்வழக்கம் இல்லை. எழுதப்பட்ட நெறி ஊரின் வழக்கமாக மாறும்போதே மார்கழி மழையிற் பரீட்சை எழுதும் பிள்ளை கூரையை அண்ணாந்து பாராது வினாத்தாளைக் குனிந்து நோக்கும்.