சாரஸ் விமானமும் ஒரு தவறான செய்முறையும்

சின்ன விமானம் ஒன்று விழுந்தால் நாம் கேட்பது இரண்டே கேள்விதான். பைலட் தப்பா, மெக்கானிக் தப்பா? மூன்றாவதாக ஒருவரும் உண்டு. இன்ஜினை எப்படிக் கையாள வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவர். அவர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது.

பெங்களூரின் என்.ஏ.எல் நிறுவனம் உருவாக்கிய சிறிய பயணிகள் விமானம் சாரஸ். 14 இருக்கைகள், வாலருகே இரண்டு டர்போபிராப் இன்ஜின்கள். முதல் மாதிரி 2004 மே 29 அன்று பறந்தது. இரண்டாவது மாதிரி 2007-ல் பறந்தது.

2009 மார்ச் 6. இரண்டாவது மாதிரிக்கு அன்று ஒரு சோதனை. சுமார் 9000 அடி உயரத்தில் ஒரு இன்ஜினை வேண்டுமென்றே அணைத்து, வானிலேயே மறுபடி இயக்க வேண்டும். இரட்டை இன்ஜின் விமானம் எதற்கும் இந்தப் பரீட்சை உண்டு. ஆனால் இன்ஜின் திரும்ப உயிர் பெறவில்லை. பிடதி அருகே விமானம் விழுந்து எரிந்தது. விமானப்படையின் விங் கமாண்டர்கள் பிரவீன் கோட்டேகொப்பா, திபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா மூவரும் இறந்தார்கள்.

நம் ஊரில் கிணற்று மோட்டார் நின்றால் ஃபியூஸைப் பார்த்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போடலாம். வானில் அப்படி இல்லை. அணைந்த இன்ஜினின் புரொப்பல்லர் இலைகளைக் காற்றை எதிர்க்காதபடி திருப்பி வைக்க வேண்டும். இயக்கும்போது அவை மறுபடி பழைய கோணத்துக்கு வரும். வரிசை மாறினால் புரொப்பல்லரே பிரேக் மாதிரி விமானத்தை ஒரு பக்கமாக இழுத்துவிடும்.

விசாரணை அறிக்கை சொன்ன முக்கியக் காரணம்: வடிவமைப்பாளர்கள் வகுத்த மறு இயக்கச் செய்முறையே தவறு, அதைப் போதிய உயரம் இல்லாத இடத்தில் செய்தார்கள். புரொப்பல்லர் தயாரித்த நிறுவனத்தைக் கலந்து பேசாமலே அந்தச் செய்முறை எழுதப்பட்டிருந்தது. முதல் முயற்சி தோற்றதும் சோதனையை நிறுத்தியிருக்க வேண்டும் என்றும் அறிக்கை கூறியது. அது உண்மைதான். ஆனால் எழுதியவர்களுக்குத் தரையில் எத்தனையோ நாட்கள் இருந்தன. பறந்தவர்களுக்கு இருந்தது சில நொடிகள்!

அதன்பின் திட்டம் பல ஆண்டுகள் முடங்கியது. மாற்றியமைத்த முதல் மாதிரி 2018 ஜனவரி 24 அன்றுதான் மீண்டும் பறந்தது.

இன்ஜின் பராமரிப்பு என்றால் ஸ்பேனரும் ஆயிலும் மட்டும் இல்லை. பக்கத்தில் இருக்கும் கையேடும் அந்த இயந்திரத்தின் ஒரு பாகம்தான். நாளை நம்மில் பலர் இன்ஜினியர் ஆவோம், இப்படிக் கையேடு எழுதுவோம். ஒரு வரி எழுதும் முன் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்போமா?