38ஆம் வகை ரைபிள்

38ஆம் வகை ரைபிள் என்பது ஜப்பானியப் பேரரசின் தரைப்படை 1945 வரை பயன்படுத்திய காலாட்படைத் துப்பாக்கி ஆகும். மெய்ஜி ஆட்சியின் 38ஆவது ஆண்டில் (1905) ஏற்கப்பட்டதால் இப்பெயர் பெற்றது. இதன் முன்னோடியை வடிவமைத்த அரிசாகா நாரியாகிராவின் பெயரால் அரிசாகா ரைபிள் எனவும் அழைக்கப்படுகிறது.

உருவாக்கம்

அரிசாகாவின் 30ஆம் வகை ரைபிள் 1904-1905 ரஷ்ய-ஜப்பானியப் போரில் பயன்பட்டது. மஞ்சூரியாவின் நுண்புழுதி அதன் போல்ட்டினுள் புகுந்து இயக்கத்தைத் தடுத்தது. நம்பு கிஜிரோ இதனைத் திருத்தி, போல்ட்டை எளிமையாக்கினார். போல்ட்டுடன் சேர்ந்து நகரும் புழுதி மூடியும் அமைக்கப்பட்டது. இம்மூடி நடக்கும்போது கடகடவென ஒலித்தமையால் வீரர் பலர் அதைக் கழற்றி எறிந்தனர்.

அமைப்பு

இது ஐந்து 6.5 மிமீ தோட்டாக்களைக் கொள்ளும். நீளம் ஏறத்தாழ 128 செமீ. எடை ஏறத்தாழ 4 கிகி. சிறிய தோட்டாவும் நீண்ட குழலும் சேர்ந்ததால் பின்னுதைப்பு குறைவு. குழல் வாயில் தோன்றும் தீப்பொறியும் குறைவு. எனவே மறைந்திருந்து சுடுபவரைக் கண்டுபிடிப்பது எதிரிக்குக் கடினமாக இருந்தது. 40 செமீ அலகுடைய முனைக்கத்தியைப் பொருத்தினால் மொத்த நீளம் அக்கால ஜப்பானிய வீரர் பலரின் உயரத்தை மிஞ்சும்.

போர் அனுபவமும் அதன் விளைவும்

போர்ட் ஆர்தர் முற்றுகையில் (1904-1905) ரஷ்ய இயந்திரத் துப்பாக்கிகளின் முன் ஜப்பானியர் பேரிழப்பைச் சந்தித்தனர். எனினும் போரில் வென்றதால், துணிவுடன் நெருங்கித் தாக்குவதே வெற்றி தரும் என்று படைத்தலைமை முடிவு செய்தது. 1909ஆம் ஆண்டின் காலாட்படைக் கையேடு முனைக்கத்தித் தாக்குதலுக்கே முதன்மை அளித்தது. 1939இல் கல்கின் கோல் சமரில் சுக்கோவ் தலைமையிலான சோவியத் டாங்கிகளையும் பீரங்கிகளையும் எதிர்கொண்டபோது இக்கொள்கையின் குறை வெளிப்பட்டது. பெட்ரோல் நிரப்பிய போத்தல்களுடன் டாங்கிகளை நெருங்கிய காலாட்படையினர் சிலவற்றை எரித்தனர். ஆயினும் 23ஆவது டிவிசன் ஏறக்குறைய அழிந்தது.

இயந்திரத் துப்பாக்கியும் இந்த ரைபிளையே சார்ந்து உருவானது. 11ஆம் வகை இலகு இயந்திரத் துப்பாக்கியில் (1922) ரைபிளின் ஐந்து தோட்டாக் கிளிப்புகள் ஆறினை அப்படியே அடுக்கலாம். எந்த வீரரும் தம் தோட்டாவைக் கொடுத்து உதவலாம் என்பதே நோக்கம். நடைமுறையில் அது சீராக இயங்க மருந்து குறைக்கப்பட்ட தனித் தோட்டாக்கள் தேவைப்பட்டன; தோட்டாக்களுக்கு இடப்பட்ட எண்ணெயில் புழுதியும் ஒட்டிக்கொண்டது.

7.7 மிமீ ரைபிள்

1937இல் தொடங்கிய சீனப் போரில் எதிரியின் 7.92 மிமீ தோட்டாவுக்கு 6.5 மிமீ ஈடாகவில்லை. ஆகவே 7.7 மிமீ தோட்டாவைச் சுடும் 99ஆம் வகை ரைபிள் 1939இல் ஏற்கப்பட்டது. முழுமையாக மாற்றும் முன்பே பசிபிக் போர் தொடங்கியதால் இருவகைத் தோட்டாக்களையும் தொலைதூரத் தீவுகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

1945இல் சரணடைந்தபின் பெருமளவு ரைபிள்களில் பேரரசரின் சின்னமான சாமந்திப்பூ முத்திரை அராவி நீக்கப்பட்டது. முத்திரை அழியாதவை பெரும்பாலும் போர்க்களத்தில் கைப்பற்றப்பட்டவை.