சைல்ட்ஸ் காதுக் கடுக்கனும் நான் தோத்த பிரியாணியும்

'தி திங்' இன்னும் பார்க்காதவங்க இங்கேயே அப்பீட் ஆயிடுங்க மக்களே. கதை மொத்தமும் உடையப் போகுது.

ஜான் கார்ப்பென்டர் படம் வந்தது 1982 ஜூன்ல. அண்டார்டிகாவுல ஒரு அமெரிக்க முகாம். யாரை வேணும்னாலும் அச்சு அசலா நகலெடுக்கிற ஒரு வேற்றுக்கிரக ஜந்து. கடைசியில முகாமே எரியுது. மெக்ரெடியும் சைல்ட்ஸும் பனியில உட்கார்ந்து ஒரே பாட்டில்ல குடிக்கிறாங்க. ரெண்டு பேர்ல யாராவது ஜந்துவா? சொல்லாமலே முடிச்சிட்டார் மனுஷர்.

ரசிகர்கள் சும்மா விடுவாங்களா? சைல்ட்ஸ் வாயில ஆவி வரலை, அதனால அவன்தான் ஜந்துன்னு ஒரு கட்சி. ஜந்துவா மாறின பென்னிங்ஸுக்கு மட்டும் வருதேன்னு எதிர்க்கட்சி. பாட்டில்ல இருந்தது பெட்ரோல், ருசி தெரியாம குடிச்சு மாட்டிக்கிட்டான்னு மூணாவது கோஷ்டி. 2002-ல வந்த வீடியோ கேம்ல சைல்ட்ஸ் உறைஞ்ச பிணம், மெக்ரெடி உயிரோட வர்றார். அப்பவும் சண்டை ஓயலை.

2011-ல அதே பேர்ல முன்கதைப் படம் வந்துச்சு. பழைய படத்துல நார்வே முகாம்ல பார்த்த கோடரி, ரெட்டை முகப் பிணம், கழுத்தறுத்துக்கிட்ட ஆள் எல்லாத்துக்கும் காரணம் சொன்னாங்க. கூடவே ஒரு புது விதி: ஜந்துவால உலோகத்தை நகலெடுக்க முடியாது. பல்லுல அடைச்சது கீழே விழுந்துடும். கடைசியில கார்ட்டர் காதுல கடுக்கன் இல்லைன்னு கேட் கண்டுபிடிச்சு அவனை எரிச்சிடறா.

அவ்ளோதான், எல்லாரும் 1982-க்கு ஓடினாங்க. கடைசிக் காட்சியில சைல்ட்ஸ் காதுல கடுக்கன் இருக்கு! அப்ப மனுஷன்தான்! நானும் ரூம்மேட்டோட பந்தயம் கட்டி ஒரு பிரியாணி ஜெயிச்சேன்.

அப்புறம் ஒருநாள் பழைய படத்தை மறுபடி போட்டப்போதான் உறைச்சது. அதுலயே ஜந்து ஆளைப் பிடிக்கும்போது துணி கிழியுது. ஆனாலும் அடுத்த காட்சியில வேற துணி மாட்டிக்கிட்டு சாதாரணமா உலாத்துது. சட்டை மாட்டத் தெரிஞ்சதுக்கு கடுக்கன் மாட்டத் தெரியாதா? கடுக்கன் காணோம்னா சந்தேகப்படலாம். இருக்குங்கறது எதையும் நிரூபிக்காது.

அதைவிட முக்கியம், அந்த விதியே 1982-ல கிடையாது. 29 வருஷம் கழிச்சு எழுதின சட்டத்தை வச்சு பழைய வழக்குக்குத் தீர்ப்பு சொல்றோம். வரலாறு படிக்கிறப்பவும் இதே தப்பைத்தான் செய்யறோம். பின்னாடி நடந்தது நமக்குத் தெரியுங்கறதால, அன்னிக்கு இருந்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுக்கறோம்.

ஜான் கேம்ப்பெல் 1938-ல எழுதின மூலக்கதையில மனுஷங்க ஜெயிச்சுடறாங்க. கார்ப்பென்டர் படத்துல பக்கத்துல இருக்கறவனை நம்ப முடியாம உட்கார்ந்திருக்கறதுதான் முடிவு. கடுக்கன் அந்தப் பயத்தைத் துடைச்சிடுது. எனக்கு அந்தப் பயம்தான் வேணும்.

பிரியாணியை நண்பனுக்குத் திருப்பி வாங்கிக் கொடுத்துட்டேன். முட்டை மட்டும் பாக்கி :-)